தலையாட்டினால் செல்லாது

பாப்பா,

அம்மாவின் இரண்டாம் வருஷப் பூசை முடிந்த அடுத்த வாரம், என்னிடம் சட்டக் கல்லூரியில் படித்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். "சார், ரோமன் லா பத்தி எழுத உங்கள விட்டா ஆளில்ல. ஒரு பத்துப் பக்கம் கொடுங்க" என்றார்கள். ரோமானியச் சட்டம் பின்னால் வந்த சட்டங்களுக்கு என்ன கொடுத்தது என்பது தலைப்பு. முப்பத்தோரு வருஷம் வகுப்பில் தொண்டை வறளப் பேசிய விஷயம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்ற மிதப்பில் சரி என்றுவிட்டேன். மூன்று வாரமாக உட்காருகிறேன், இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அந்தப் பக்கத்தில் 'சம்மதம்' என்று ஒரு துணைத்தலைப்பு போட்டேன். அதன் கீழே நான் எழுத வேண்டியது எதுவும் மலருக்கு உரியதில்லை, உனக்கு உரியது என்று தெரிந்துபோயிற்று. அந்தத் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாய், நான் மேலப்புதூரில் அதே வீட்டில் இருக்கிறேன். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தால் அரை மணி நேரம். நடுவில் ஒரு காவிரிப் பாலம், அவ்வளவுதான். ஆனாலும் நாம் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட நீ குழியின் அந்தப் பக்கம் நின்றாய், நான் இந்தப் பக்கம் நின்றேன். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம்.

உனக்கு அந்த விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? உன் ஸ்கூலுக்கு லீவு விட்டு, அம்மா வேலை பார்த்த ஸ்கூலுக்கும் எங்கள் கல்லூரிக்கும் லீவு இல்லாத நாட்களில் உன்னை வகுப்புக்குக் கூட்டிப் போவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாய். ரோமாபுரியில் ஒருவன் கொடுத்த வாக்கு எப்படிச் செல்லுபடியாகும் என்பதை நான் இரண்டு மாணவர்களை எழுப்பி எதிரெதிரே நிறுத்தித்தான் நடத்துவேன். ஒருவன் கேட்க வேண்டும்: "தருவாயா?" மற்றவன் உடனே, சத்தமாக, அதே சொல்லால் பதில் சொல்ல வேண்டும்: "தருவேன்." ஆரம்ப காலத்தில் அதற்குப் பத்திரமோ முத்திரையோ தேவைப்படவில்லை. ஆனால் கேள்வி காதில் விழ வேண்டும், பதில் வாயிலிருந்து வர வேண்டும். தலையாட்டினால் செல்லாது. பக்கத்தில் நிற்பவன் அவனுக்காகப் பதில் சொன்னாலும் செல்லாது, ஏனென்றால் யாரும் இன்னொருவருக்காக வாக்குக் கொடுக்க முடியாது. ஏழு வயதில் நீ படம் வரைந்துகொண்டே இதையெல்லாம் காதில் வாங்கியிருக்கிறாய் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். நீ வந்து நிற்பாய். "அப்பா, மேட்டூர்ல தண்ணி திறந்தா என்னைய பாலத்துல நடத்திக் கூட்டிட்டுப் போவீங்களா?" நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையாட்டுவேன். நீ பேப்பரைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்குவாய். "தலையாட்டினா செல்லாது. வாயால சொல்லுங்க." "கூட்டிட்டுப் போவேன்." அதற்கப்புறம்தான் பேப்பர் திரும்பக் கிடைக்கும். சொன்னபடி போவோம். சிந்தாமணிப் பக்கம் ஏறி மாம்பழச் சாலையில் இறங்குவதற்குள் நீ பத்து இடத்தில் நின்று கம்பி இடுக்கு வழியாகத் தண்ணீரைப் பார்ப்பாய். நீ என்னிடம் கேட்டு வாங்கிய வாக்கு ஒன்றைக்கூட நான் மீறியதில்லை. எனக்கு இன்று பிடித்துக்கொள்ள இருப்பது அந்த ஒன்றுதான்.

எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் இருந்த பைத்தியம் ஊரறிந்தது. பக்கத்து வீட்டு ஓட்டுத் தண்ணீர் நம் முற்றத்தில் விழுந்து சேறாகிறது என்று அம்மா சண்டைக்குக் கிளம்பியபோது நான் தடுத்தேன். கூரைத் தண்ணீர் அடுத்தவன் மண்ணில் விழுவதற்கு ரோமாபுரியில் தனி உரிமையே இருந்தது, அதுதான் நம் ஊர் வசதியுரிமைச் சட்டத்துக்குள்ளும் வந்திருக்கிறது என்று விளக்கினேன். அம்மா துடைப்பத்தை என் கையில் கொடுத்து, "அப்ப அந்த ரோமாபுரிக்காரங்கள வந்து முற்றத்தக் கூட்டச் சொல்லுங்க" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அடுத்த வாரமே அவர் தகரம் அடித்துவிட்டார். நம் வீட்டில் இப்படியும் நாட்கள் இருந்தன என்பதை எழுதிவைக்கத் தோன்றியது.

நான் மலருக்கு எழுதிய இரண்டு பக்கத்தில் இருப்பது இதுதான். ரோமாபுரியின் படை போய்விட்டது, கோட்டை போய்விட்டது. அவர்களுடைய சட்டம் மட்டும் ஒரு பேரரசர் தொகுக்கச் சொன்ன புத்தகங்களில் தங்கி, பல நூறு வருஷம் கழித்து இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் மறுபடி படிக்கப்பட்டது. அங்கிருந்து நம் திருச்சபைச் சட்டத்துக்குள் போயிற்று. பிரான்சுக்குப் போய், அவர்கள் கப்பலேறியபோது பாண்டிச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தது. இங்கிலாந்து வழியாகக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு நம் ஒப்பந்தச் சட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது. சுதந்திரமான சம்மதம் இல்லாத ஒப்பந்தம் நிற்காது என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் பின்னால் ஒரு ரோமானிய நீதி அதிகாரி இருக்கிறார். பயத்தினால் செய்த காரியத்தை நான் செல்லுபடியாக விடமாட்டேன் என்று அவர் அறிவித்தார். ஆனால் அந்தப் பயம் நெஞ்சுரம் உள்ளவனையும் அசைக்கும் பயமாக இருக்க வேண்டும், சும்மா நடுங்குகிறவனின் பயம் கணக்கில் வராது. திருச்சபைச் சட்டம் பிறகு இன்னொரு பயத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. கை ஓங்காத, குரல் உயர்த்தாத அப்பாவிடம் பிள்ளைக்கு இருக்கும் மரியாதைப் பயம். பயமுறுத்த வேண்டும் என்று நினைக்காமலே உண்டாக்கிய பயமும் பயம்தான் என்கிறது அந்தச் சட்டம். இதை நான் எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! ரோமானிய அப்பாவின் அதிகாரத்தைச் சொல்லும்போது, பேரன் எடுத்த மகன்கூட அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர் கைக்குள்தான் என்பேன். "எங்க வீட்லயும் அப்படித்தான் சார்" என்று எவனாவது ஒருவன் கத்துவான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். நம் வீட்டை நான் அந்தச் சிரிப்பில் சேர்த்ததே இல்லை.

உனக்கு இருபத்து நான்கு வயது. புத்தூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்து எட்டு மாதம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் நின்றபோது, காட்டூரில் இருந்த என் வக்கீல் நண்பர் தன் மகனுக்கு உன்னைக் கேட்டார். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "உன் வீட்டுக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுக்கப் போறேன்" என்று அந்தப் படியிலேயே கை கொடுத்துவிட்டேன். யாரும் இன்னொருவருக்காக வாக்குக் கொடுக்க முடியாது என்று வெள்ளிக்கிழமைதான் வகுப்பெடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இப்ப வேண்டாம்ப்பா. அவரப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணல" என்றாய். நான் கோபப்படவில்லை. அடிக்கவில்லை. என் தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்துபோனேன். அதற்குப் பிறகு பதினேழு நாள் உன்னிடம் பேசவில்லை. நீ கூடத்துக்கு வந்தால் நான் அறைக்குப் போனேன். நீ போட்ட காபி ஆறிப்போய் அப்படியே திரும்பிற்று. ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். அம்மா உன்னிடம் வந்து, "அப்பா சாப்பிடாம கெடக்குறாரு, ஏதாவது சொல்லேன்" என்று அழுதது எனக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் கதவைத் திறந்துவைத்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, பாப்பா. பதினெட்டாம் நாள் காலையில் நீயே என் தட்டை நிமிர்த்தி இட்லி வைத்துவிட்டு நின்றாய். நான் சாப்பிட்டேன். அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

திருமணத்துக்கு முன்னால் சாமியார் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பது வழக்கம். யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, உனக்கு மனதாரச் சம்மதம்தானே என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம்தான் என்ற ரோமானிய விதியிலிருந்து வந்த வழக்கம் அது. அன்று பங்குச் சாமியார் என்னை வெளியே உட்காரச் சொன்னார். "நான் லா காலேஜ் வாத்தியார் ஃபாதர், எனக்குத் தெரியாத ஃபார்மா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் சங்கடப்பட்டார், ஆனாலும் உன்னைப் பார்த்துக் கேட்டார். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அப்புறம் லேசாகத் தலையை அசைத்தாய். "சம்மதம்தான் ஃபாதர்" என்று நான் சொன்னேன். நீ கையெழுத்துப் போட்டாய். ஏழு வயதில் என் பேப்பரை இழுத்த பெண் நீ. அன்று நீ என்னைப் பார்த்த பார்வையில் அந்த விளையாட்டு இருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை நானே கற்பனை செய்துகொள்கிறேனோ என்னவோ. பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார்கள். தெரிந்தவன் முதல் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தேன்.

உன் கணவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பாவம் ஒன்றும் தெரியாது. நான்கு வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் விருந்தாளிகளைப் போல இருந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். பிரிந்து வந்தபோது நீ மேலப்புதூருக்கு வரவில்லை, ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டாய். நீ எங்கள் வாசலுக்கு வராத காரணம் எனக்குப் புரிந்தது, புரியாததுபோல் இருந்தேன். கோர்ட்டில் விவாகரத்து கிடைத்துவிட்டது. ஆனால் திருச்சபையின் கணக்கில் அந்தத் திருமணம் நின்றது. அது தொடக்கத்திலேயே செல்லாத திருமணம் என்று அறிவிக்கச் சொல்லித் திருச்சபை நீதிமன்றத்தில் மனுப் போட்டாய். மனுவில் நீ எழுதியிருந்ததை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, பேசாமல் இருந்தார், சாப்பிடாமல் இருந்தார், எனக்குப் பயமாக இருந்தது.

என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அந்த மனுவை என் மேல் போட்ட குற்றப்பத்திரிகையாகத்தான் பார்த்தேன். ஊரில் என் பெயர் என்ன ஆகும் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. விசாரித்த சாமியார், "உங்க மகள் மறுத்தாங்களா சார்?" என்று கேட்டார். "மறுக்கல ஃபாதர்" என்றேன். நீ 'இப்ப வேண்டாம்' என்றுதான் சொன்னாய், 'வேண்டாம்' என்று சொல்லவில்லை என்று எனக்குள் வாதாடி ஜெயித்திருந்தேன். பதினேழு நாளைப் பற்றிக் கேட்டபோது, வயிறு சரியில்லாமல் ராத்திரிச் சாப்பாட்டை விட்டது உண்டு என்றேன். அந்தக் காலத்தில் எனக்கு வயிறு சரியில்லாததும் உண்மைதான். அதோடு நின்றேனா? அப்பாவின் விருப்பத்தை எதிர்க்காத மகள் சம்மதித்தவளாகவே கருதப்படுவாள் என்று ரோமானியச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அதையும் எடுத்துச் சொன்னேன். படித்த மனுஷன் என்று அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். பயம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. அன்று படியிறங்கும்போது நீ நின்று என்னிடம் சொன்னாய்: "நீங்க பொய் சொல்லலப்பா. அதான் தாங்க முடியல." அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

அம்மா போவதற்குப் பத்து நாள் முன்னால், கட்டிலில் படுத்தபடி என்னைக் கூப்பிட்டாள். "என்னங்க, ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் சட்டம் சொல்லிக் கொடுத்தீங்க. நம்ம புள்ளைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். நான் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

அவளுடைய இரண்டாம் வருஷப் பூசைக்கு நீ வந்திருந்தாய். போன வருஷம் ரிஜிஸ்டர் ஆபீசில் நீ கல்யாணம் செய்துகொண்டவரும் கூட இருந்தார். கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தபோது நீங்கள் இரண்டு பேரும் எழவில்லை. எழ முடியாது, கோயில் கணக்கில் நீ இன்னும் காட்டூர் வீட்டு மருமகள், இன்னொருவரோடு வாழ்கிறவளுக்கு நற்கருணை கிடையாது. உன் வரிசையில் இருந்தவர்கள் போவதற்கு வழிவிட்டு நீ முழங்காலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாய். நான் நாக்கில் நற்கருணையோடு உன்னைக் கடந்து வந்தேன். பெற்ற தாயின் பூசையில் நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் உன்னை அங்கே உட்காரவைத்தவன் வரிசையில் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். என் இடத்தில் வந்து முழந்தாளிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. முட்டி வலி என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் கை கொடுத்தார்.

முந்தாநாள் அந்த நீதிமன்றத்துக்குப் போனேன். அன்று விசாரித்த அதே சாமியார்தான், தலை முழுக்க நரைத்துவிட்டது. தீர்ப்பான விஷயத்தை மறுபடி கிளறக் கூடாது என்பதும் ரோமாபுரிதான் நமக்குக் கொடுத்தது, நம் சிவில் கோர்ட்டுகள் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒரு மனுஷி மனைவியா இல்லையா என்பதுபோன்ற விஷயத்துக்குத் திருச்சபைச் சட்டம் அந்தக் கதவை ஒருநாளும் முழுதாக மூடுவதில்லை. புதிய, கனமான சாட்சியம் வந்தால் திறக்கலாம். "சொன்னத மாத்தணுமா சார்?" என்றார். "மாத்தல ஃபாதர். விட்டதச் சொல்லணும்" என்றேன். கவிழ்த்த தட்டு, பதினேழு நாள், திறந்துவைத்த கதவு, உன் பக்கத்து நாற்காலி எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் மகளை நான் கேட்கவே இல்லை என்று கடைசியில் எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது போதும்னு நினைக்கிறேன். ஆனா மனு அவங்கதான் கொடுக்கணும் சார். அவங்களுக்காக நீங்க கொடுக்க முடியாது." எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அங்கேயும் உனக்காகப் பேசத்தான் போயிருக்கிறேன் பார்.

அந்த நான்கு பக்கம் அவரிடம் உறையில் இருக்கிறது. உனக்கு வேண்டுமானால் மனுக் கொடு. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தக் காகிதம் எதற்கு என்று தோன்றினால் விட்டுவிடு. என் மனது ஆற வேண்டும் என்பதற்காக மட்டும் எதையும் செய்யாதே. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்குமா? நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதனிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இரு. அந்த இடைவெளியை நீ நிரப்பாதே. நான் நிரப்பியதில்தான் எல்லாம் போயிற்று. மலர்க்காரர்களுக்கு அந்த இரண்டு பக்கத்தை ஒப்பேற்றி அனுப்பிவிடுகிறேன். பெயர் இல்லாமல் இந்தக் கடிதத்தை அவர்கள் போடலாம் என்று நீ சொன்னால் தருவேன். ஊரறிய மறைத்ததை ஊரறியச் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் இது உன் கதையும்கூட. நீ சொல்லாதவரை என் மேஜையில் கிடக்கும்.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். இரண்டு நாளில் முக்கொம்பு தாண்டி இங்கே வந்துவிடும் என்கிறார்கள். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன் என்று நினைக்கிறேன். நான் பாலத்தில் நடந்து உன் வீட்டுக்கு வரட்டுமா, பாப்பா?

நீ பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். யாரிடமாவது சொல்லி அனுப்பினாலும் ஏற்க மாட்டேன். போனை எடுத்து உன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை சிந்தாமணிப் பக்கத்துக் கரையோடு நின்றுகொள்கிறேன். 'வராதீங்க' என்று சொன்னாலும் சரி. நீ ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னபோது நான் தட்டைக் கவிழ்த்தேன். இந்தத் தடவை கேட்டுக்கொண்டு, சரிம்மா என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுவேன்.

அப்பா